இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது

'சரி சார்' என்று சொன்னது தன் வாய்தானா என்று சுடர்க்கொடிக்குச் சந்தேகமாகவே இருந்தது. தனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இன்னொருத்தி, அடக்கமான குரலும் குனிந்த தலையுமாக ஊரில் நல்லபேர் எடுத்த யாரோ ஒருத்தி, சொல்லிவிட்டு நகர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அறையில் இருந்தது இரண்டே பேர். பெரிய மேஜைக்குப் பின்னால் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே பேராசிரியர் தணிகாசலம், அவளுடைய ஆய்வுக்கு நெறியாளர். ஜன்னலோரத்துச் சின்ன மேஜையில், அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால், அவள். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வயரோடு மேஜைமேல் கிடந்தது. அது அவளுடைய ஹார்ட் டிஸ்க். அதன் ஓரத்தில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது, நகர்வது தெரியாமல் நகர்ந்தது, அவள் கண்ணைச் சிமிட்டும்போது மட்டும் நகர்ந்துவிட்டு அவள் பார்க்கும்போது நல்லபிள்ளையாக நின்றது. சார் சொன்னது ஒன்றும் பெரிய அநியாயம் போல அப்போது கேட்கவில்லை. "வியாழக்கிழமை மில் ஓனர்ஸ் சங்கத்துல எனக்கு ஒரு பேச்சு இருக்கும்மா. உன் இன்டர்வியூவில ரெண்டு மூணு போட்டுக் காட்டினா அப்படியே ஆடிப்போயிருவாங்க. நாம பக்கம் பக்கமா எழுதினாலும் அந்தப் பொண்ணுங்க வாயால கேக்குற மாதிரி வருமா? எப்படியும் டேட்டாவை இங்க வைக்கத்தான போற, இன்னைக்கே ஏத்திருவோம்." சொல்லிக்கொண்டே அவரே மவுஸைப் பிடித்து, 'களப்பணி' என்று அவள் பெயர் வைத்திருந்த ஃபோல்டரை அப்படியே இழுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். "முடிஞ்சதும் சேஃப்லி ரிமூவ் குடுத்து எடுத்துக்கோ. சும்மா புடுங்கிராத. நீதான் ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவளாச்சே" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். சரி சார். அந்த இரண்டு வார்த்தை இப்போது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது, விழுங்கினாலும் குத்தியது, இருமினாலும் குத்தியது.

அந்த அறையில் இதற்குத் தட்சிணை என்று பெயர். சாருக்குத் தெரியாமல் ஆய்வு மாணவர்கள் வைத்த பெயர். ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன்னால் ஒவ்வொருவரும் தன் களத் தரவு முழுவதையும் சாருடைய கம்ப்யூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும். அப்படி எந்த விதியும் கிடையாது, எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை, அதனாலேயே யாராலும் மீற முடியாததாக இருந்தது. விதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். எழுதினவற்றோடு சண்டை போடுவதில் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை. விடுதி எட்டு மணிக்கு மூடும் என்று எழுதியிருந்ததோடு போட்டாள், நூலகத்தில் பெண்களுக்குத் தனி மேஜை என்று எழுதியிருந்ததோடு போட்டாள், கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டே மேடைப் பேச்சுக் கேட்க ஊர் ஊராகப் போன அப்பா வைத்த இந்தப் பெயரை 'சுடர்கொடி' என்று ஒற்று விழுங்கி அச்சடித்த அழைப்பிதழோடுகூடப் போட்டாள். ஆனால் எழுதாததோடு எப்படிச் சண்டை போடுவது? அது புகை மாதிரி. கையை வீசினால் கைதான் வலிக்கும். அதோடு சார் கெட்டவர் இல்லை. அதுதான் எல்லாவற்றையும் குழப்பியது. உதவித்தொகை ஃபைல் ஆபீஸில் கிடந்தபோது அவரே படியேறிப் போய்க் கேட்டவர். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது, போய்ட்டு வாம்மா, ஆய்வு எங்க ஓடிப்போகுது என்றவர். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். கெட்டவர்களிடம் பேச அவளிடம் மூட்டை மூட்டையாகச் சொல் இருந்தது. நல்லவர்கள் தப்புச் செய்யும்போது என்ன சொல்வது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பச்சைப் பட்டைக்குக் கீழே, இப்போது எந்த ஆடியோ போய்க்கொண்டிருக்கிறது என்று சின்ன எழுத்தில் பெயர் காட்டியது. ஆக்னஸ். அடுத்து அன்னமரியாள். பெயர்கள். அய்யோ, பெயர்கள். ஆய்வேட்டில் ஒருத்தி பெயர்கூட உண்மைப் பெயர் இல்லை. எல்லாருக்கும் பூவின் பெயர் வைத்திருந்தாள், முல்லை, தும்பை, செண்பகம், ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து யாருக்கு எந்தப் பூ என்று யோசித்துப் பொருத்தியிருந்தாள். ஊர் பெயரை மாற்றினாள், மில்லின் பெயரை எடுத்தாள், எந்த ஷிஃப்ட் என்பதைக்கூட மங்கலாக்கினாள். அத்தனையும் செய்துவிட்டு, ஆடியோ கோப்புகளுக்கு மட்டும், தேடினால் தனக்கு உடனே கிடைக்க வேண்டுமே என்று, உண்மைப் பெயர், மில், எந்தப் பகுதியில் வேலை, எல்லாவற்றையும் சேர்த்து எழுதிச் சேமித்திருந்தாள். இது தன் பெட்டிதானே, தன் கைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. வாசல் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ்கூடப் போடாமல் தூங்கினவள். அந்தப் பூப்பெயர்களைப் பார்த்துச் சாரே பாராட்டினாரே, ரொம்ப சென்சிட்டிவா பண்ணியிருக்கம்மா என்று. அன்னமரியாள் இன்னும் போய்க்கொண்டிருந்தாள். அவள் பேச்சைவிட அவள் இருமல்தான் அதில் அதிகம். பஞ்சு உள்ளே போய் உட்கார்ந்த இருமல், வறட்டு இருமல், கடைசியில் ஒரு விசில் மாதிரி இழுக்கும். பெயரைச் சொல்லவா போறேன் என்று சார் கேட்பார். பெயர் எதற்கு? அந்த இருமலை ஒரு தடவை கேட்டால் போதும், அந்த மில் ஷெட்டில் வேலை பார்க்கும் யாரும் தூக்கத்திலும் சொல்வார்கள் அது யாரென்று.

மில் விடுதியில் தங்கியிருந்த பெண்களை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு விடுவார்கள். வார்டனும் கூடவே வருவாள். வளையல் கடைக்குள் மட்டும் வரமாட்டாள், கூட்டம் ஆகாது என்று வாசலில் நின்று கரும்புச் சாறு குடிப்பாள். அந்தக் கடைக்காரம்மாள்தான் சுடர்க்கொடிக்குப் பின்னறையைத் திறந்துவிட்டாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒருத்தி பேசும்போது மற்றவள் வாசலைப் பார்க்க, வளையல் அளவெடுக்கிற சாக்கில் பேசினார்கள். எல்லா ஆடியோவிலும் கண்ணாடி வளையல் கிலுங்கும். சிரிப்பும் உண்டு. காளீஸ்வரி, அறுந்த நூலை முடிச்சுப் போடுவதில் அந்த ஷெட்டிலேயே வேகக்காரி, சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டாள். "யக்கா, இந்தப் பொட்டிக்குள்ள நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கமா? நெருக்கடியா இருக்குமே. அங்கயும் பாத்ரூம் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சுடர்க்கொடி சொன்னாள், சொன்ன சொல் சொன்னபடி அந்த ஆடியோவிலேயே பதிந்திருக்கிறது: "ஒரே ஒரு எடத்துலதான் இருக்கும். எங்கிட்ட. வேற எங்கயும் போகாது." அதற்காகவே இன்னொரு பிரதி எடுக்கவில்லை. லேப்டாப்பில் வைக்கவில்லை. இணையத்தில் ஏற்றவில்லை. டிஸ்க்கை ஒரு கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, துணிக்கு அடியில் வைத்துப் பூட்டி, ஊருக்குப் போனால் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஒரு தடவை பஸ் குலுக்கலில் கீழே விழுந்தது. அன்றிலிருந்து சுற்றும்போது உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். ரிப்பேர் கடையில் காதை வைத்துக் கேட்டவன், "ஓடிட்டிருக்கும்போது மட்டும் புடுங்கிறாதீங்க மேடம், அப்புறம் கடவுள்கிட்டதான் கேக்கணும்" என்றான். அதற்குப் பிறகுதான் அவள் ஆய்வறைச் சுவரில் பேப்பர் ஒட்டினாள், பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே எடுக்கவும் என்று. எழுதி முடித்துவிட்டேன் என்று திரை சொன்ன பிறகும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு நிமிஷம் அவகாசம் கொடுக்கிறதில் உங்களுக்கு என்ன கேடு என்று எல்லாரோடும் வாதாடினாள். பச்சைப் பட்டை பாதியைத் தொட்டிருந்தது. ஈஸ்வரி போனாள். இந்திராணி போனாள்.

கரண்ட் போகலாம். தினமும் இந்த நேரத்துக்குப் போகிற கரண்ட்தானே, இன்றைக்கு என்ன அதற்கு இவ்வளவு பொறுப்பு? போனால் யாருடைய குற்றமும் இல்லை. சார் சே என்பார், அவள் அடடா என்பாள், டிஸ்க்கை எடுத்துச் சாக்ஸில் போட்டுக்கொண்டு அப்புறம் வரேன் சார் என்று போய்விடலாம். ஆனால் கரண்ட் போனால் இதுவும் திடீரென்று நிற்குமே, ஓடும்போது புடுங்கினது மாதிரிதானே, உள்ளே அந்த டிக் டிக் ஒரேயடியாக டிக் என்று நின்றுவிட்டால்? வேண்டாம், கரண்ட் போக வேண்டாம். போகட்டும். வேண்டாம். ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மயில் ஒன்று சோற்றுப் பொட்டலத்தைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தது. தான் கரண்ட்டிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதை அவளே ஒரு ஓரத்தில் நின்று பார்த்தாள். பெண் என்பவள் யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கப் பழக்கப்படுத்தப்பட்டவள் என்று போன மாதம்தான் கருத்தரங்கில் மைக்கைப் பிடித்துப் பேசிக் கிழித்திருந்தாள். கைதட்டல் வேறு. இப்போது அவளைக் காப்பாற்ற மின்வாரியம் வர வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. முபாரக். அவளோடு ஒரே வருஷம் ஆய்வில் சேர்ந்தவன். சாரிடம் ஏதோ விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினான். திரும்பும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் வந்து, திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதடு அசையாமல் பேசினான்.

"என்ன தோழர், தட்சிணையா?"

"போடா அங்கிட்டு."

"கருத்தரங்கத்துல புலி. சார் ரூம்ல பூனை. மியாவ்னு ஒரு தடவை சொல்லு பாப்போம்."

"முபாரக், அடிவாங்குவ. வியாழக்கெழம மில்லுக்காரங்க முன்னாடி போட்டுக் காட்டப் போறாராம்."

அவன் முகத்தில் கேலி நின்றது. தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "ஆடியோவையா? அந்தப் பொண்ணுங்க பேசினதையேவா?" என்றான். அப்புறம் இன்னும் தணிந்து, "புடுங்கிட்டு ஓடிரு. கை பட்டுருச்சுன்னு சொல்லு. ஒண்ணும் ஆகாது, நான் எத்தனை தடவ புடுங்கியிருக்கேன்" என்றான்.

"உன் பென்டிரைவ்ல இருக்குறது பூரா சினிமா. அது செத்தா தியேட்டர்ல போய்ப் பாத்துக்கலாம்."

"என்ன மாநாடு அங்க?" என்றார் சார், தலை நிமிராமல்.

"தண்ணி சார்" என்றான் முபாரக். போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். நோயாளி இருக்கும் அறைக் கதவைச் சாத்துவது மாதிரி.

கை பட்டுருச்சு. நல்ல வாக்கியம். அதில் ஆளே இல்லை. கைதான் பட்டது, நான் இல்லை. யோசிக்க யோசிக்க அவளுக்கு எதிரில் மூன்று வழிகள் இருப்பது தெரிந்தது. ஒன்று, இப்படியே உட்கார்ந்திருப்பது. சரி சார் என்பதன் மிச்சம் அது. இன்னொன்று, வயரைப் பிடித்து இழுத்துவிட்டு முழிப்பது. அவளுக்கு ஒன்றும் ஆகாது, சார் தலையில் அடித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் போய்விடுவார்கள், அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு வளையல் பெட்டிகளுக்கு நடுவே சொன்னது எல்லாம் ஒரு கிறீச் சத்தத்தோடு போய்விடும். மூன்றாவது அந்தப் பச்சைப் பட்டையின் மூலையில் இருந்த பெருக்கல் குறி. அதை அழுத்தினால் டிஸ்க்குக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஏற்றுவது நிற்கும், அவ்வளவுதான். ஆபத்து முழுக்க அவளுக்கு. ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்பார், அதற்கு ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். கடைசிக் கையெழுத்து அவருடையது. வேறு நெறியாளருக்கு மாறிக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது, மாறினவர்கள் என்ன ஆனார்கள் என்று நடைமுறை சொல்கிறது. ஆக, பொய் சொன்னால் அவர்கள் சாவார்கள், உண்மையைச் சொன்னால் நான். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் அவள் சுட்டுவிரல் மவுஸின்மேல் மரக்கட்டை மாதிரி கிடந்தது. இன்னொன்றும் உறைத்தது. இப்போது நிறுத்தினாலும் ஏற்கெனவே போனவர்கள் போனவர்கள்தான். ஆக்னஸ், அன்னமரியாள், ஈஸ்வரி எல்லாரும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். பாதிப் பேரைக் கரையில் விட்டுவிட்டுப் படகைத் திருப்புகிறவள் மாதிரி.

அவள் கை நகர்ந்தது. பெருக்கல் குறிக்குப் போகவில்லை. திரையின் கீழ் மூலைக்குப் போய், பாதுகாப்பாக வெளியேற்று என்ற அந்தக் குட்டிச் சின்னத்தை அழுத்தியது. ஏன் அதை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்: மெஷின் அனுமதி கொடுத்துவிட்டால் தான் கேட்க வேண்டியதில்லையே. ஒரு கட்டம் எழும்பி வந்தது. அது ஆங்கிலத்தில் சொன்னதை அவள் மனசு தமிழில் வாசித்தது. இந்தச் சாதனம் இப்போது பயன்பாட்டில் உள்ளது. இதைப் பயன்படுத்தும் நிரல்களை மூடிவிட்டு மறுபடி முயலவும். பயன்பாட்டில் உள்ளது. யாருடைய பயன்பாட்டில்? அதை மட்டும் சொல்லாது. எத்தனையோ வருஷமாக, எத்தனையோ கோடிப் பேர் கேட்டும், யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கட்டம் ஒரு தடவையும் பெயர் சொன்னதில்லை. நீயே கண்டுபிடி, நீயே மூடு, நீயே திரும்ப வா. அந்த வளையல் கடைப் பின்னறையில் பேசிய வீரலெட்சுமியும் இப்படித்தான் சொன்னாள், ஹெல்த் ரூமில் நர்ஸ் கேட்டாளாம், யாருன்னு எழுதிக் குடுத்தாத்தான் நாங்க கேக்க முடியும் என்று. எழுதிக் கொடுத்தால் யார் கையில் அந்தப் பேப்பர் போகும்? ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவன் கையில்.

வீரலெட்சுமி. ஆங்கில அகரவரிசையில் அவள்தான் கடைசி. அது ஒரு ஆறுதல் மாதிரி இருந்தது, இன்னும் அவள் இந்தப் பக்கம்தான் இருக்கிறாள். மற்றவர்கள் ஓவர்டைம் பற்றி, சோற்றில் கிடந்த புழுவைப் பற்றி, வயிற்றுவலிக்கு என்று கொடுத்து மாதவிலக்கையே தள்ளிப்போட்ட மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள். வீரலெட்சுமி ஸ்டோர் ரூமுக்குள் தனக்கு நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'வந்து' என்று சொல்லி நிற்பாள், வந்து, வந்து, எதுவோ வந்துகொண்டே இருக்கிற மாதிரி. அந்த 'வந்து'வை எடுத்துவிட்டால் அவள் குரலே இல்லை. அதை வைத்தால் அவள் முகமே தெரியும். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் தங்கச்சி இப்போதுதான் அதே விடுதியில் சேர்ந்திருக்கிறாள். "வந்து... நான் போயிட்டா அவளுக்கு யாருக்கா இருக்கா" என்று சொன்னாள். சங்கக் கூட்டத்தில் ஏசி ஹாலில் சுழல் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், வேண்டாம், ஒரே ஒருவர், காபியை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம், இது நம்ம யூனிட் பொண்ணு மாதிரி இருக்கே என்று சொன்னால் போதும். திட்டக்கூட வேண்டாம். சும்மா ஆச்சரியப்பட்டால் போதும்.

சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவது? சார், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா? சார், எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு. கோர்ட்டா இது? சார், நான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அதற்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியும்: எல்லாரும் வாக்குக் குடுக்கிறதுதாம்மா, அது ஒரு மெதடாலஜி. அப்போது அவள் சொல்வாள்: அது மெதடாலஜி இல்ல சார், அதுக்குப் பேரு பேச்சு, மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் குடுக்கிறது. அவர்: நான் நல்லதுக்குத்தானே செய்றேன், முதலாளிங்க மனசு மாறினா அந்தப் பொண்ணுங்களுக்குத்தானே லாபம்? அவள்: மனசு மாறுறதுக்கு அவங்களுக்கு இன்னும் எத்தனை குரல் வேணும் சார்? தினமும் அந்த ஷெட்டுக்குள்ள கேக்குற குரல்தானே? அவங்க காது கேக்காமலா இருக்காங்க? அவர் யோசிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். அவள் விடமாட்டாள்: கருணையைக் கேட்டு வாங்கிறதுக்கு அவங்களையே அடகு வைக்கிறதா சார்? ஆகா. இது நன்றாக வந்திருக்கிறது. அடகு என்ற சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் மூன்று காரணங்களாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், முதலாவது அறம், இரண்டாவது சட்டம், மூன்றாவது

டிங் என்று ஒரு மென்மையான மணி அடித்தது.

பச்சைப் பட்டை இல்லை. கட்டமே இல்லை. திரையில் சாருடைய பேரக்குழந்தை தொட்டிலில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்கு என்ன நடந்தது என்று பிடிபடவில்லை. வீரலெட்சுமி எப்போது போனாள்? அந்தப் பெயர் திரையில் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. அவள் அடகு என்ற சொல்லை ரசித்துக்கொண்டிருந்தபோது, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, வீரலெட்சுமி தன் 'வந்து'வோடு, சத்தமில்லாமல், இவள் கண்முன்னாலேயே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். வாயைத் திறக்காமலே எவ்வளவு அழகாகப் பேசிவிட்டாய் சுடர்க்கொடி. பரிசு வாங்கப் போகலாம்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் சார். "சேஃப்லி ரிமூவ் குடுத்து எடுத்துக்கோ. அங்க ஒரு முட்டாய் டப்பா இருக்கு பாரு, பேத்திக்குப் பேர் வச்சாச்சு, எடுத்துக்கோ."

மிட்டாய் டப்பா இருந்தது. சிவப்புக் காகிதம் சுற்றியது. அவள் அதைத் தொடவில்லை. இப்போது வெளியேற்றச் சொன்னால் மெஷின் சம்மதிக்கும். பாதுகாப்பாக எடுக்கலாம் என்று சொல்லும். பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறது அது? பெட்டியைச் சொல்கிறது. பெட்டி பத்திரம். உள்ளே இருந்தவர்கள் வேறொரு வீட்டுக்குக் குடிபோன பிறகு காலிப் பெட்டியைப் பத்திரமாக எடுத்துப் போ என்கிறது. காலி இல்லை, எல்லாரும் இங்கேயும் இருக்கிறார்கள், ஆனால் அங்கேயும் இருக்கிறார்கள், ஒரே எடத்துலதான் என்று அவள் சொன்ன அந்தக் குரலும் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. பொய்யே இரண்டு பிரதி ஆகிவிட்டது. அவள் மவுஸைப் பிடித்து, சாருடைய கம்ப்யூட்டரில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த 'களப்பணி'யை ஒரு தடவை தட்டினாள். அது நீலமானது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது கட்டம். இதையாவது ஒரு ஆளைப் பார்த்துக் கேட்கிறது. ஆம் என்பதன்மேல் அம்பு நின்றது. அழுத்திவிட்டு அமைதியாகப் போய்விடலாம். வியாழக்கிழமை தேடுவார், காணோமே என்பார், எங்கேயோ மிஸ் ஆயிடுச்சு சார் என்று சொல்லலாம். கை பட்டுருச்சு. மறுபடி அதே ஆளில்லாத வாக்கியம். அவள் நாற்காலியைத் திருப்பினாள். அது கிறீச்சிட்டது.

"சார்."

"ம்."

"நீங்க இழுத்துப் போட்ட ஃபோல்டரை அழிக்கப் போறேன் சார்."

சிவப்புப் பேனா நின்றது. "எதை?"

"எல்லாத்தையும். உங்க கம்ப்யூட்டர்லயிருந்து. ஆடியோவில அவங்க பேரு, மில்லு எல்லாம் அப்படியே இருக்கு. அது என் தப்பு. ஆனா பேரை எடுத்தாலும் குரல் இருக்கே சார். அது எங்கயும் போகாதுன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன்."

"அட, இதுக்கா இவ்வளவு யோசனை? போடும்போது பேரை மறைச்சுட்டாப் போச்சு." அவர் சிரித்தபடிதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் சிறிது நேரம் முகத்தில் நின்றது. "என்னை நம்பலையாம்மா நீ?"

ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அறம், சட்டம், மூன்றாவது, ஒன்றும் வரவில்லை. "நான் உங்களை நம்புறேன் சார்" என்றாள். "ஆனா அவங்க நம்பினது என்னை. உங்களை அவங்களுக்குத் தெரியாது." திரும்பி, ஆம் என்பதை அழுத்தினாள். இன்னொரு பட்டை வந்தது. இது வேகமாகப் போனது. ஏற்றுவதற்கு ஆன நேரத்தில் ஒரு துளிகூட ஆகவில்லை.

சார் எழுந்து வரவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தெம்பு வந்திருக்கும். விடைத்தாளை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, மேஜையின் வலது ஓரத்தில் கிடந்த அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை, இன்றைக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்ததை, எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார். "என் மெஷின்ல, என் கண்ணு முன்னாடி" என்றார், அவளிடம் சொல்வது மாதிரி இல்லை. அப்புறம், "வியாழக்கெழம நான் அங்க போய் என்னத்தைச் சொல்றது? வாயை மூடிட்டு உக்காந்திருக்கவா?"

"நான் வர்றேன் சார். நான் பேசுறேன். என் பேரைப் போட்டு, என் குரல்ல."

"உன்னை எவன் மேடையேத்துவான் அங்க? வெளிய போன்னுருவான்."

"சத்தமாப் பேச என்னையே விடமாட்டாங்கன்னா, உள்ள வேலை பாக்குறவங்களை என்ன பண்ணுவாங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். சுடர்க்கொடி திரையின் கீழ் மூலைக்குப் போய் அந்தச் சின்னத்தை அழுத்தினாள். இப்போது பாதுகாப்பாக எடுக்கலாம் என்றது. அவள் உடனே எடுக்கவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உள்ளே சுற்றுவது குறைந்து, டிக் டிக் தளர்ந்து, அதிர்வு விரல்நுனியில் மட்டும் மிச்சமாகி, அதுவும் அடங்கும்வரை இருந்தாள். வயரைக் கழற்றிச் சுருட்டினாள். எல்லாரையும் துப்பட்டாவில் சுற்றி மடியோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். போகலாம். கதவு எதிரில்தான் இருந்தது. போனால் அந்தச் சுருக்கம் அடுக்கின் அடியிலேயே கிடக்கும், நாளைக்கு இவர் நல்லவராகவே இருப்பார், அடுத்து எவளாவது ஒருத்தி இந்த ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து சரி சார் என்பாள். சார் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவருடைய மேஜைக்கு இந்தப் பக்கம் கிடந்த நாற்காலியில் ஆய்வு மாணவர்கள் யாரும் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை. அவள் அதை இழுத்துப்போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தாள்.